சாப்பாட்டைச் சொல்லிக் கூப்பிடு

பட்டப்பகலில், எங்கள் கட்டடத்தின் நிலவறையில், தொமாசா முழங்காலில் இருந்தபடி என் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கையில் ஒரு கொத்து அருவதாப் பச்சிலை. ஒவ்வொரு தரமும் கூப்பிடுவதற்கு முன் அந்தக் கொத்தால் சிமெந்துத் தரையில் ஓங்கி ஓர் அடி. கசந்த மணம் மூக்கில் ஏறியது.

“ஆரணி. எழும்பு. வா, வீட்டை போவம்.”

மகள் அங்கே இல்லை. நாலாம் மாடியில், எங்கள் கட்டிலில், கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பா வரதன் காவல். இது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். இருந்தும் தொமாசா கூப்பிட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாள். அவள் கேட்பதைப் பார்த்து நானும் கேட்டேன்.

கட்டடத்துக்குப் பொதுவான சலவை மெஷின் நிலவறையில்தான்; அன்று உடுப்புத் தோய்க்கும் முறை மூன்றாம் மாடி அம்மாவுக்கு. கூடையோடு வந்த அந்த மனுசி, தரையில் இருந்த தொமாசாவையும் எரிகிற மெழுகுதிரியையும் பார்த்தார். “எலியோ?” என்று ஜெர்மனில் கேட்டார்.

“ஓம், எலிதான்” என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

அவர் மெஷினைப் போட்டுவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டார். சுவிசில் இருபது வருடத்துக்குக் கிட்ட இருந்துவிட்டேன். உடுப்புத் தோய்க்கும் முறையைப் பிழைக்க விட்டால்தான் இங்கே கேள்வி வரும்.

கொட்டின சோளம்

தொமாசாவைப் பற்றி இந்தத் தொடரில் நான் இதுவரை எழுதவில்லை. சென்ற வாரம் என் கலியாணக் கதையை எழுதிவிட்டு வரதனிடம் வாங்கிக் கட்டியது போதும் என்று, இந்த வாரம் வேலையிடத்துச் சிநேகிதியைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதுவோம் என்றுதான் இருந்தேன். அது என்னை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் எனக்கு வேலை. வீடு திரிம்பாக்கில், பஸ்ஸில் கொஞ்ச நேரம். இல்லத்தின் பின்பக்கத்தில் கோழி வளர்க்கிறார்கள், கிழவர்கள் பார்த்துக்கொண்டிருக்க. ஒருநாள் கோழிக்குப் போடும் சோளப் பை குசினி வாசலில் வெடித்து, மணியெல்லாம் நாலு பக்கமும் ஓடியது. பெரிய சமையல்காரர் தும்புத்தடியைக் கையில் தந்து, கூட்டி அள்ளிக் குப்பையில் போடச் சொன்னார்.

அப்போது வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்த ஒரு கட்டையான பெண், தடியை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் இருந்தாள். ஒவ்வொரு மணியாகப் பொறுக்கத் தொடங்கினாள். அடுப்புக்கு அடியில் கையை விட்டு, வடிகானுக்குள் விரலை விட்டு.

“விடு, அது கோழிக்குத்தானே” என்றேன்.

“கோழிக்கெண்டாலும் சரி. நிலத்திலை விட்டா அழும்.”

“ஆர் அழும்?”

“சோளம்” என்றாள், என்னைப் பார்க்காமலே.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் ஒரு மணியைப் பொறுக்கும்போது அதைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. நானும் குனிந்து பொறுக்கினேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அவள்தான் தொமாசா. குவாத்தமாலாவின் மலைப்பக்கத்து மாயா மக்களில் ஒருத்தி. ரயில்வேயில் வேலை செய்யும் ஒரு சுவிஸ்காரரைக் கலியாணம் முடித்து இங்கே வந்தவள். எங்கள் இரண்டு பேரின் ஜெர்மனையும் சேர்த்தால்தான் ஒரு முழு ஆளின் ஜெர்மன் வரும். அதனால் அவள் சொன்னதை எனக்கு விளங்கின தமிழிலேயே இங்கே எழுதுகிறேன்.

வெற்றிலைச் சுண்ணாம்பு

எங்களை ஒட்டவைத்தது சுண்ணாம்பு. தொமாசாவின் ஊரில் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்துத்தான் அரைப்பார்களாம். சுண்ணாம்பு இல்லாவிட்டால் மா ஒட்டாது, ரொட்டி வெடித்துவிடும். இங்கே வந்த நாள்முதல் அவள் தேடாத கடை இல்லை. எல்லா இடத்திலும் சுவருக்குப் பூசுகிற சுண்ணாம்பைக் காட்டியிருக்கிறார்கள்.

“தின்னுற சுண்ணாம்பு உங்கடை ஆக்களிட்டை இருக்குமோ?” என்று கேட்டாள்.

இருக்குமோவாம். எங்கள் சனத்திடம், வெற்றிலை போடும் சனத்திடம். அடுத்த நாளே தமிழ்க் கடையில் சின்ன டப்பாக்களில் விற்கும் சுண்ணாம்பு கொஞ்சம் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஒன்றைத் திறந்து மணந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. வெற்றிலைச் சுண்ணாம்புக்கு அழுத ஒரு மனுசியை நான் அன்றுதான் கண்டேன்.

அந்த ஞாயிறு சாப்பிடக் கூப்பிட்டாள். வெள்ளைச் சோளம் முதல்நாளே சுண்ணாம்பில் அவிந்து ஊறியிருந்தது. கையால் கசக்கத் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. கழுவி, இறைச்சி அரைக்கும் மெஷினில் போட்டு அரைத்தாள். உருண்டை பிடித்து இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தட்டினாள். தட்டத் தட்ட அது வட்டமாக விரிந்தது. சூட்டுக்கல்லில் போட, ஈரமண் மணத்தோடு ஓர் ஆவி எழும்பியது.

“எங்கடை ஊரிலை விடியக் கோழி கூவிறதுக்கு முதல் இந்தத் தட்டுற சத்தம்தான் கேக்கும்” என்றாள். “ஒரு வீட்டிலை கேக்கேல்லையெண்டால் அங்கை போய்ப் பாக்கோணும். ஆரோ செத்துப்போச்சினம், இல்லாட்டி ஆருக்கோ பிள்ளை பிறக்குது.”

பிறகு அவள் சொல்லிக்கொண்டே போனாள், நான் தின்றுகொண்டே கேட்டேன். அடுப்பு என்றால் மூன்று கல். அதைச் சுற்றித்தான் வீடு. இருட்டோடு பெண்பிள்ளைகள் அவித்த சோளச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போய் வரிசையில் நிற்பார்கள். ஆண்கள் மண்வெட்டியோடு சரிவுக்கு ஏறுவார்கள். சோளமும் அவரையும் பூசணியும் ஒரே குழியில் போடுவார்கள்; அவரை சோளத் தண்டில் ஏறும், பூசணி நிலத்தை மூடும். மத்தியானச் சாப்பாடு துணியில் சுற்றின ரொட்டி, உப்பு, பச்சை மிளகாய். பிள்ளை பெற்றவளை மண்ணால் கட்டின ஒரு குட்டி அறைக்குள் விட்டுச் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி வேர்க்க வைப்பார்களாம். பின்னேரம் அம்மா தறியின் ஒரு பக்கத்தை மரத்தில் கட்டி, மற்றப் பக்கத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நெய்வாள். இடையிடையே சண்டை பிடிக்கிற பிள்ளைகளை இருந்த இடத்திலிருந்தே திட்டுவாள். அது மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது.

“வயலிலை வேலை முடிஞ்சு வெளிக்கிடேக்கை அம்மா திரும்பி நிண்டு ஒவ்வொரு பிள்ளையின்ரை பேரையும் சொல்லிக் கூப்பிடுவா” என்றாள். “முதுகிலை கட்டியிருக்கிற பிள்ளையையும் கூப்பிடுவா.”

“முதுகிலை இருக்கிறதை ஏன் கூப்பிடோணும்?”

“பிள்ளை முதுகிலை இருக்கும். பிள்ளையின்ரை உயிர் விளையாடிக்கொண்டு அங்கையே நிண்டிடும்.”

அவர்களுடைய பாஷையில் அதற்கு வேறு சொல் இருக்கிறது. என் வாயில் அது வராது. உயிர் என்றே வைத்துக்கொள்வோம்.

புதன்கிழமை

இனி வீட்டுக்கதை.

புதன் பின்னேரம் இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அன்று எனக்கு வேலை. வரதன் இரவு வேலை முடித்து வந்தவர், மகளைப் பார்க்கிற பொறுப்பு அவருக்கு. ஆரணி ரிவி பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இவர் கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிவிட்டார். அவள் சறுக்குச் சப்பாத்தை எடுக்க, பூட்டுத் திறப்போடு நிலவறைக்குப் போனாள்.

எங்கள் கட்டடத்தின் நிலவறை, யுத்தம் வந்தால் சனம் ஒளித்திருக்கவென்று கட்டினது. ஒரு சாண் தடிப்பில் சிமெந்துக் கதவு. யுத்தம் வராததால், உள்ளே பலகை அடித்து வீட்டுக்கு ஒரு கூடாகப் பிரித்திருக்கிறார்கள். மற்றவர்கள் பனிச்சறுக்குத் தடியும் வைன் போத்திலும் வைப்பார்கள். எங்கள் கூட்டில் அரிசி மூட்டையும் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும்.

கட்டடத்தைப் பார்க்கிற மனுசன் அன்று அங்கே கூட்டினவர். முடித்துவிட்டு, உள்ளே யாரும் இருக்கிறார்களா என்று ஒரு சத்தம் கொடுத்தாராம். பதில் இல்லை. வெளியிலிருந்து கதவைச் சாத்திப் பிடியை இறுக்கிவிட்டுப் போய்விட்டார். அங்கே லைட் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும்.

நான் வேலையால் வந்து, பிள்ளை எங்கே என்று கேட்க, வரதன் முழித்தார். ரிவிக்கு முன்னால் பார்த்தோம், விளையாட்டுத் திடலில் பார்த்தோம், ஸ்டேஷன் பக்கம் ஓடினோம். கடைசியில் திறப்புக் கொழுவியில் நிலவறைத் திறப்பு இல்லாததை நான்தான் கண்டேன். கீழே ஓடி அந்தச் சிமெந்துக் கதவின் பிடியைத் திருக எனக்கு எங்கிருந்து அந்தப் பெலன் வந்ததோ தெரியாது.

அவள் அரிசி மூட்டைமேல் இருந்தாள். அழவில்லை. கத்தித் தொண்டை அடைத்ததுபோலவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, லைட் போட்டும் கண் கூசாமல், என்னைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டு இருந்தாள். தூக்கினேன். பாரமே இல்லை.

அன்றுமுதல் பேச்சு இல்லை, சாப்பாடு இல்லை. பால் மட்டும் ஊட்டினால் இறங்கும். பிள்ளை டொக்டர் காதையும் தொண்டையையும் பார்த்து, எல்லாம் நல்லாயிருக்கிறது, பொறுமையாக இருங்கள் என்றார். பள்ளிக்கூடத்துக்கு வரும் மனநல அம்மாவும் அதையேதான் சொன்னார். பொறுமையாம். பிள்ளையின் கன்னத்து எலும்பு வெளியே தெரியத் தொடங்கிவிட்டது. வரதன் ஒவ்வொரு நாளும் கோயிலுக்குப் போய் வந்து, திருநீற்றைப் பூசிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவரைத் திட்டுவதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை.

வேலையிடத்துக் குசினியில் கரட் வெட்டிக்கொண்டு நின்றவள் விம்மிவிட்டேன். தொமாசா கத்தியைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

“பிள்ளை வரேல்லை” என்றாள். “நீ தூக்கிக்கொண்டு வந்தது உடம்பை மட்டும்தான்.”

ஆற்றங்கரையில் நின்றவள்

சின்னவயதில் அவளுக்கும் இது நடந்ததாம். அம்மா ஆற்றில் உடுப்புத் தோய்க்க, இவள் பாசிக் கல்லில் சறுக்கித் தண்ணீருக்குள் போய், தலைமயிரில் பிடித்து இழுத்து எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. மஞ்சளாகிப் போனாள். அம்மா அவளுடைய தோய்க்காத சட்டையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். தண்ணீரைக் கொப்பால் அடித்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

“என்ன சொல்லிக் கூப்பிட்டவ?”

“சாப்பாட்டைச் சொல்லி. ‘தொமாசா, எழும்பி வா. கறுத்த சோள ரொட்டி சுட்டு வைச்சிருக்கிறன். அவரைக்கொட்டை கொதிக்குது. உனக்கெண்டு ஒரு முட்டை எடுத்து வைச்சிருக்கிறன்’ எண்டு. உயிர் புத்திமதிக்கு வராது. பசிக்குத்தான் வரும்.”

சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல், வழிநெடுகக் கூப்பிட்டபடி வீட்டுக்கு வந்து மகளுக்கு அதைப் போட்டுவிட்டாளாம். அன்றே தொமாசா எழும்பிச் சாப்பிட்டாள்.

நான் பெரிய பகுத்தறிவுக்காரி இல்லை. ஆனாலும் மனதுக்குள் ஒரு வெட்கம் இருந்தது. பிள்ளையின் எலும்பு தெரியும் மணிக்கட்டைப் பார்த்ததும் அது போய்விட்டது.

“அண்டைக்குப் போட்டிருந்த உடுப்பு ஏதும் தோய்க்காமல் இருக்குதோ?” என்று என்னோடு வீட்டுக்கு வந்த தொமாசா கேட்டாள்.

நானோ, தோய்க்காமல் விடுவேனோ? வந்த உடனேயே கழற்றி, சவுக்காரம் போட்டு, கொதிதண்ணீரில் தோய்த்து, அயனும் பண்ணி அடுக்கியாயிற்று. வீட்டைக் கிளறினோம். கட்டிலுக்கு அடியில் ஒரு காலுறை மட்டும் கிடைத்தது. உள்ளங்காலில் நிலவறைத் தூசி அப்படியே ஒட்டியிருந்தது.

படிக்கட்டு

கூடையோடு வந்த அம்மா போன பிறகு, தொமாசா எழும்பி அருவதாக் கொத்தை என் கையில் தந்தாள்.

“இனி நீ கூப்பிடு. அம்மாதான் கூப்பிடோணும். பேரைத் தெளிவாச் சொல்லு.”

நான் முழங்காலில் இருந்தேன். சிமெந்தின் குளிர் எலும்பில் ஏறியது. எனக்கு அந்த இடத்தோடு எப்போதும் ஒத்துவராது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் வெட்டின பங்கருக்குள் இருந்து வளர்ந்தவள் நான். குண்டு போட வரும் பொம்மர் சத்தம் கேட்டால் அயல் அட்டம் எல்லாம் அதற்குள் வந்து விழும். இருட்டில் யார் பிள்ளை யாரின் மடியில் என்று தெரியாது. எந்தத் தாயும் எந்தப் பிள்ளையையும் குஞ்சு என்றுதான் அணைப்பாள். வெளியே வரும்போது தலை எண்ணுவார்கள். ஒருநாள் எண்ணிக்கையில் ஒரு பிள்ளை குறைந்தது. அதை நான் எழுதமாட்டேன்.

அருவதாவால் தரையில் அடித்தேன். வாயைத் திறந்தேன்.

“குஞ்சு, என்ரை குஞ்சு, வாம்மா. அம்மா வந்திருக்கிறன். புட்டு அவிச்சு வைச்சிருக்கிறன். கத்தரிக்காய்ப் பொரியல் இருக்கு. முட்டை பொரிச்சுத் தாறன். பயப்பிடாதை குஞ்சு. எழும்பி வா.”

சொல்லச் சொல்ல அழுகை. எத்தனை தரம் சொன்னேனோ. காலுறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழும்பினேன். லிஃப்டுக்குப் போகத் திரும்ப, தொமாசா மறித்தாள்.

“நடந்து போவம். அதுக்கு லிஃப்ட் தெரியாது. திரும்பிப் பாராதை.”

எங்கள் படிக்கட்டில் ஆள் வந்தால் தானாக எரிகிற லைட். நாங்கள் ஏற ஏற ஒவ்வொரு மாடியிலும் எரியும், தாண்டின கொஞ்சத்தில் அணையும். நான் கூப்பிட்டுக்கொண்டே ஏறினேன். இரண்டாம் மாடி வளைவில் பெரிய கண்ணாடி யன்னல். திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியில் தெரிந்ததுதான். எங்களுக்குப் பின்னால் அணைந்த முதலாம் மாடி லைட் திரும்ப எரிந்தது. நாங்கள் மூன்றாம் மாடிக்கு வர, இரண்டாம் மாடி லைட்.

காலடிச் சத்தம் கேட்கவில்லை. தொமாசா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

வீட்டுக்குள் போய்க் காலுறையை மகளின் காலில் போட்டேன். அவள் கண்ணை மூடினாள். பெரிய மூச்சு ஒன்று வந்தது. பிறகு கண்ணைத் திறந்து என் முகத்தையே பார்த்தாள். என்னைத் தாண்டி அல்ல, என்னை.

“அம்மா, பசிக்குது” என்றாள்.

வரதன் குழறி அழுதுவிட்டார். நான் குசினிக்கு ஓடினேன். புட்டு, பொரியல், முட்டை. வழித்துத் துடைத்துச் சாப்பிட்டாள். தொமாசா வாசல்நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

“நீ கூப்பிட்டது என்ன பேர்?” என்று மெதுவாகக் கேட்டாள். “நான் கூப்பிட்ட பேர் இல்லையே.”

“குஞ்சு. நாங்கள் பிள்ளையளை அப்பிடித்தான் கூப்பிடுறது.”

“எல்லாப் பிள்ளையளையுமோ?”

“ஓம்” என்றேன். நான் வைத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் அவள் போய்விட்டாள்.

நல்ல தமிழ்

பிள்ளை தேறிவிட்டாள். கன்னம் வைத்தது. பள்ளிக்கூடம் போனாள். நானும் சனத்திடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதலில் கவனித்தது முட்டை. ஆரணி முட்டையைக் கண்டாலே சத்தி வருகிறதென்று ஓங்காளிக்கிற பிள்ளை. அன்று நான் முட்டை என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் அதையும் சேர்த்துத் தட்டை வழித்ததுகூட அப்போது உறைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் முட்டை கேட்டாள்.

பிறகு தமிழ். ஆரணி இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் அவள் சுவிஸ் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். என்னை ‘மாமி’ என்றுதான் கூப்பிடுவாள், இங்கத்தைய பிள்ளைகள் தாயைக் கூப்பிடுவதைப் போல. அதற்காக நான் போட்ட சண்டை கொஞ்சமா? இப்போது வாய்க்கு வாய் அம்மா. கோயிலில் கண்டவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

“பிள்ளை என்ன வடிவாத் தமிழ் கதைக்குது. நீங்கள் குடுத்துவைச்சனீங்கள்” என்றார் தமிழ் வகுப்பு ரீச்சர்.

நான் சிரித்தேன். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அரிசி எடுத்துவா என்றால் தனியே நிலவறைக்குப் போய் எடுத்து வருவாள். ஒருநாள் பின்னால் போய்ப் பார்த்தேன். லைட் போடாமல் உள்ளே நடமாடிக்கொண்டிருந்தாள்.

வரதனிடம் சொன்னேன். “விசரே உமக்கு?” என்றார். “பிள்ளை கதைக்கேல்லையெண்டு அழுதீர். இப்ப கதைக்குதெண்டு அழுறீர்.” அவர் சொன்னதிலும் ஒன்றும் பிழை இல்லை. பிள்ளைகள் மாறுவார்கள். பயந்த பிள்ளை தாயை ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லலாம்.

பிறகு சுவிஸ் தேசிய நாள் வந்தது. பின்னேரமே பிள்ளைகள் வெடி கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். முதல் வெடி கேட்டதும் அவள் மேசைக்குக் கீழே குப்புற விழுந்தாள். நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கையை ஊன்றி, காதைப் பொத்தி, வாயை ஆவென்று திறந்து வைத்திருந்தாள்.

வரதனின் கையிலிருந்த கோப்பை சரிந்து தேத்தண்ணி மேசையில் ஓடியது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குண்டு விழும்போது அப்படிப் படுக்க எங்களுக்கு ஊரில் பழக்கினார்கள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு நாங்கள் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருபோதும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“ஆரணி” என்றேன். அவள் அசையவில்லை. “ஆரணி, இஞ்சை பார்.” இல்லை.

“குஞ்சு” என்றேன். மேசைக்கு அடியிலிருந்து ஓடிவந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுடைய நெஞ்சு அடிக்கிற அடி என் எலும்பில் கேட்டது. அன்றுமுதல் வரதன் என்னை விசர் என்று சொல்வதில்லை.

பெயர்

தொமாசாவிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“திரும்பப் போய்க் கூப்பிடலாம். இந்தமுறை பேரைச் சொல்லி. உன்ரை பிள்ளை அங்கை இருந்தா வரும்.”

“வந்தா, இப்ப இருக்கிறவள்?”

“ஒரு உடம்பிலை ரெண்டு பேர் இருக்கேலாது” என்றாள். அவளுக்கும் அதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. “அது வந்த இடத்துக்குப் போகும்.”

வந்த இடம் எது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு மத்தியானம் போனோம். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குக் கொஞ்சம் முதல். தொமாசா அருவதாக் கொத்தை என்னிடம் தந்துவிட்டுப் படிக்கட்டின் கீழே நின்றாள். நான் சிமெந்துக் கதவைத் திறந்து வாசலில் நின்றேன். அதே காலுறையைக் கையில் வைத்திருந்தேன். அன்று கழற்றின பிறகு அதை நான் தோய்க்கவே இல்லை.

ஆரணி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆரணிக்குப் பிடித்தது மக்ரோனியும் சீஸும் அப்பிள் களியும். அதையெல்லாம் அன்று சமைத்தும் வைத்திருந்தேன். எட்டு வருடத்துக்கு முன் ஓல்டன் ஆஸ்பத்திரியில் வைத்து நான் தேர்ந்தெடுத்த பெயர் அது. என் பிள்ளை உள்ளே இருட்டில் அரிசி மூட்டைமேல் கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள் என்று என் வயிறு சொன்னது. வாயைத் திறந்தேன்.

மேலே வெளிக்கதவு அடித்த சத்தம் கேட்டது. புத்தகப்பையைத் தொப்பென்று போடும் சத்தம்.

“அம்மா, எங்கை நிக்கிறியள்? பசிக்குது.”

தொமாசா என்னைப் பார்த்தாள். இப்போ கூப்பிடு, அல்லது விடு என்பதுபோல. எவ்வளவு காலமாகப் பசித்திருந்த பிள்ளை. முட்டை என்று கேட்டதும் எழும்பி, கடல் கடந்து, மாடி ஏறி வந்த பிள்ளை. அதைத் திரும்ப அந்தப் பங்கர்க் கிடங்குக்குள் போ என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்? சொல்லாமல் விட்டால், என் வயிற்றில் பிறந்ததை நான் என்ன செய்கிறேன்?

“வாறன் குஞ்சு” என்றேன்.

கதவைச் சாத்தவில்லை. அகலத் திறந்தபடியே விட்டுவிட்டு மேலே போய் முட்டை பொரித்தேன். மக்ரோனியை அவள் தொடவில்லை.

தொமாசா இப்போதும் சிநேகிதிதான். சுண்ணாம்பு வாங்கிக் கொடுக்கிறேன், ரொட்டி சுட்டுத் தருகிறாள். இந்தக் கதையை நாங்கள் எடுப்பதில்லை. மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள், உயர்ந்துவிட்டாள், வகுப்பில் கெட்டிக்காரி. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கும்போது எனக்கு ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லவே பயமாக இருக்கிறது.

ஆரணி என்ற பெயரை மட்டும் வீட்டில் நானும் வரதனும் சொல்வதை விட்டுவிட்டோம். எழுதுவேன், இப்படி. வாய்விட்டுச் சொல்லமாட்டேன். கீழே கேட்டுவிடும்.